ஒரு ரூபாய் புகார்கள்

ஜூன் 9, திங்கள்

காலை 11.42. ரேணுகாவின் போனுக்குச் செய்தி வந்தது. அவள் பேங்க் கணக்கை முடக்கியிருக்கிறார்கள். பணம் எடுக்க முடியாது, யாரும் போடவும் முடியாது. கணக்குதாரர் கிளைக்கு நேரில் வர வேண்டும்.

நேரில்.

நான் அப்போது எடைமேடைக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். உப்புக்காற்று பட்டு, எடையை உணரும் லோட் செல்லின் ஒயர் பச்சை பூத்துப் போயிருந்தது. ஓரமாக லாரியை நிறுத்திவிட்டுக் காத்திருந்த டிரைவர் குனிந்து பார்த்து, "இன்னா சார், உள்ளயே தூங்கிட்டியா?" என்றான். செய்தியை மூன்று தரம் படித்தேன். பதற வேண்டும் என்று தெரிந்தது. பதற்றம் வரவில்லை. டிசம்பரிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். ஒயரைச் சுரண்டிப் பற்றவைத்துவிட்டு வெளியே வந்தேன். லாரி ஏறியது, எடை சரியாகக் காட்டியது. டிரைவர் ஒரு முறுக்கு கொடுத்தான். தின்றேன்.

ஜூன் 10

நாளைக்கு பேங்க்கில் உளறாமல் இருக்க எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று லைன் வீடு. நிலமும் கட்டடமும் என் பெயரில். வாடகை மட்டும் ரேணுகாவின் கணக்குக்கு. நான் எடைமேடை ரிப்பேர் என்று திண்டிவனம், செய்யூர், கடலூர் வரை சுற்றிக்கொண்டிருந்ததால் வாடகைக்காரர்களை மேய்த்தது அவள்தான். தன் கியூஆர் ஸ்டிக்கரை மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் ஒட்டினாள். கூடவே ஒரு சட்டமும் போட்டாள். "வாட்ஸ்அப்ல சொன்னா பொழுதன்னிக்கும் சொல்லினே இருப்பீங்க. கொறை இருந்தா ஒரு ரூபா அனுப்புங்க, அதுக்குள்ள எழுதுங்க. வேலை முடிஞ்சா ரூபா திரும்பி வரும்."

ஒரு ரூபாய்தான். ஆனாலும் புகார்கள் பாதியாகக் குறைந்துபோயின.

டிசம்பர் 8. காய்ச்சல். நாலே நாள். அதற்கு மேல் எழுத வரவில்லை.

பேங்க்குக்கு நான் சொல்லவில்லை. இறப்புச் சான்றிதழ் வாங்கி வந்த பிளாஸ்டிக் கவரிலேயே இருக்கிறது. மாதம் பிறந்தால் அவள் போன் ஒலிக்கும், ரேணுகா, உங்களுக்குப் பணம் வந்துள்ளது என்று. அது நிற்கக் கூடாது. வேறு காரணம் எதுவும் இல்லை.

பிப்ரவரி வரை புகாரே வரவில்லை. என்னிடம் வந்து சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது. பிறகு ஒரு நாள் முதல் வீட்டு சரண்யாவிடமிருந்து ஒரு ரூபாய். 'அக்கா மன்னிச்சிடுங்க, பாத்ரூம் தாழ்ப்பாள் விழுந்துடுச்சு.' ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். அவள் டார்ச் பிடித்தாள். திரும்பி வந்து ரேணுகாவின் போனிலிருந்து அந்த ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். அந்த மாதம் நான் செய்த ஒரே வேலை அது. அதிலிருந்து எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பரத்திடம், அதாவது என்னிடம், ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் ரேணுகாவுக்கு ஒரு ரூபாய் அனுப்ப வேண்டும்.

அந்தக் கணக்கில் இருப்பது அத்தையின் முட்டி. ரேணுகாவின் அம்மா ஞானாம்பாள், பெருமுக்கல்லில் இருக்கிறார். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், வாசலிலிருந்து கொல்லைக்குப் போகவே சுவரைப் பிடிக்கிறார். வாடகையைச் சேர்த்து வலது முட்டியை மாற்றிவிடுவது என்று அம்மாவும் பெண்ணும் இரண்டு வருடம் முன்பே பேசி முடித்தது. பாண்டியில் ஜூலை 14 தேதி கொடுத்திருக்கிறார்கள். 10ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் அடுத்த தேதி எப்போது என்று சொல்ல முடியாதாம்.

என் கையில் இருப்பது பழைய கார் லோனும் ஒரு மல்டிமீட்டரும்.

ஜூன் 11

பேங்க் போனேன். கணக்குதாரர் எங்கே என்று கவுண்டர் பெண் கேட்டார். "ஊர்ல இல்லைங்க." எப்போது வருவார் என்றார். "தெரியல."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் நான் பார்த்தது அவர் மேசையிலிருந்த பசை டப்பாவை.

கணக்கு முடங்கிய காரணத்தைச் சொன்னார். வட மாநிலம் ஒன்றில் யாரையோ ஏமாற்றி எடுத்த பணம். கை மாறிக் கை மாறி, அதில் ஒரு துண்டு ஜூன் 2 அன்று ரேணுகாவின் கணக்கில் விழுந்திருக்கிறது. 4,500 ரூபாய். அனுப்பியவர் பெயர் சதீஷ்.

என் லைனில் கடைசி வீட்டுக்காரன்.

ஜூன் 12

சதீஷ் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் வேலை செய்கிறான். ஏப்ரலில் வந்தவன். மற்ற இரண்டு வீட்டுக்கும் ரேணுகா பதினோரு மாத ஒப்பந்தம் எழுதி வைத்தாள். இவனுக்கு நான் எழுதவில்லை. ஏப்ரலில் நான் எதைத்தான் எழுதினேன்? பணம்தான் போனில் வருகிறதே, அதுவே சாட்சி என்று விட்டுவிட்டேன்.

கேட்டதும் ஒப்புக்கொண்டான். டெலிகிராமில் பகுதிநேர வேலையாம். அவன் கணக்குக்குப் பணம் வரும், அவர்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும், பத்தாயிரத்துக்கு இருநூறு கமிஷன். கம்பெனிக்கு வரி மிச்சம் பண்ணவென்று சொன்னார்களாம். நம்பியிருக்கிறான். மாதக் கடைசியில் கையில் காசில்லை, வந்து கிடந்த பணத்தில் வாடகையைக் கட்டியிருக்கிறான். அவன் கணக்கும் இப்போது முடங்கிவிட்டது.

நடுவீட்டு மண்ணாங்கட்டி அண்ணன் உப்பளத்திலிருந்து காலெல்லாம் வெள்ளையாக வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"ஏம்பா, ஊரான் பணத்த ஒன் கணக்குல வுட்டு வாங்குறானே, அவனுக்குன்னு ஒரு கணக்கு இருக்காதா? நான் பட்டன் போன் வச்சிருக்கேன், எனக்கே தெரியுது."

சதீஷ் சுவரைப் பார்த்து அழுதான். காலி பண்ணிவிடவா அண்ணா என்று கேட்டான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாப்டியா என்றுதான் கேட்க வந்தது.

ஜூன் 14, சனி

அந்த ஊர் போலீஸ் ரேணுகாவின் நம்பருக்குப் பேசும் என்று பேங்க்கில் சொல்லியிருந்தார்கள். மண்ணாங்கட்டி அண்ணன் ஒரு யோசனை சொன்னார். சரண்யா ரேணுகாவாகப் பேசிவிடட்டும். ஆரோவில் பேக்கரியில் வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி விற்கிற பெண், இங்கிலீஷ் தண்ணியாக ஓடும்.

சரண்யா மாவு ஒட்டிய கையோடு யோசித்தாள்.

"என்னால முடியாதுண்ணா. இங்கிலீஷ் வரும். அக்கா வராது. அக்காவா இருந்தா முதல்ல அந்தாள திட்டிட்டு, அப்புறமாதான் யாருன்னே கேப்பாங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16

பேசினார்கள். விசாரணை அதிகாரி. இந்தியும் இங்கிலீஷும். மரியாதையாகத்தான் பேசினார். சதீஷ் அனுப்பிய 4,500க்கு உள்ளே ஒரு குறிப்பு இருந்ததாம், 'மேடம் ஃபேன் சத்தம் போடுது' என்று. யாரையோ வைத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஃபேன் என்றால் என்ன, யாரைக் குறிக்கிறது என்று கேட்டார்.

ஃபேன் என்றால் ஃபேன் சார். பேரிங் போய்விட்டது. மாற்றிவிட்டேன்.

வாடகை என்று ஏன் எழுதவில்லை? சதீஷிடம் அப்புறம் கேட்டேன். புகாரையும் வாடகையையும் ஒன்றாக அனுப்பினால் ஒரு ரூபாய் மிச்சமாம்! மண்ணாங்கட்டி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

அதிகாரி ரேணுகாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அவர் இப்போது பேசும் நிலையில் இல்லை என்றேன். வைத்த பிறகுதான் தோன்றியது, அதில் பொய்யே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக. ஆறு மாதம் கழித்து வந்த சிரிப்பு, போயும் போயும் இதற்கா?

ஜூன் 18

அத்தை போன் செய்தார். ஆஸ்பத்திரிக்கு எத்தனை நைட்டி எடுத்து வைக்க வேண்டும், கொலுசு போட்டுக்கொள்ளலாமா, புது முட்டி மழைக்காலத்தில் துருப்பிடிக்குமா? துருப்பிடிக்காது அத்தை என்றேன். "நீங்க இஞ்சினீரு, சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டார்.

பணத்தைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கு.

ஜூன் 20

கணக்கை விடுவிக்கச் சொல்லி ஒரு கடிதம் தட்டினேன். 'ரேணுகா ஆகிய நான்.' கீழே அவள் கையெழுத்தை எட்டுத் தரம் போட்டுப் பார்த்தேன். அவள் 'கா'வில் கால் கீழே இறங்கி அப்படியே இடப்பக்கம் ஓடும். எனக்கு அங்கேயே நிற்கிறது. என்னடா பண்ணிட்டு இருக்கேன் நான்? பொண்டாட்டி கையெழுத்தைப் போட்டுப் பழகிட்டிருக்கேன். கிழித்துப் போட்டேன்.

சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து பைக்கின் டேங்க் பையில் வைத்தேன். இன்றைக்கு பேங்க் நேரம் முடிந்துவிட்டது.

ஜூன் 23, திங்கள்

மேனேஜர் சிவஞானம். ரிடையராக இரண்டு வருடம் இருக்கும். ரேணுகாவின் ஸ்டேட்மெண்டை விரித்து வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அவருக்கு 4,500 பெரிய கவலையாக இல்லை. ஒரு ரூபாய்கள்தான் கவலை. வருவதும் போவதுமாக இரண்டு வருடத்தில் தொண்ணூறுக்கு மேல்.

"மோசடி பண்றவங்க இப்படித்தான் செய்வாங்க. மொதல்ல ஒரு ரூபா அனுப்பிப் பாப்பாங்க, கணக்கு உயிரோட இருக்குதான்னு. எங்க சிஸ்டம் இத பாத்தா சும்மா இருக்குமா?"

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது எலி. இது தண்ணித் தொட்டி மூடி. இது சரண்யா வீட்டு ஜன்னல் கொக்கி. இது மண்ணாங்கட்டி அண்ணன் சார்பாக சரண்யா அனுப்பியது, தெரு நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனதற்கு. அதற்கும் ரேணுகா ரூபாயைத் திருப்பித் தந்திருக்கிறாள். செருப்பு கிடைத்திருக்க வேண்டும்.

ஒரே பெண் ஏன் மாதம் இரண்டு வாடகை கட்டுகிறாள் என்றார். அதையும் சொன்னேன். அண்ணன் காசைக் கையில் கொடுப்பார், அவள் தன் போனிலிருந்து அனுப்புவாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நாளைக்கு அந்தப் பொண்ணு, ரெண்டு வீட்டுக்கும் நான்தான் வாடகை குடுத்தேன், ரெண்டும் என்னுதுன்னா என்ன பண்ணுவீங்க?"

"சரண்யா அப்படிச் சொல்ல மாட்டா சார்."

"எல்லா ஹவுஸ் ஓனரும் அப்படித்தான் சொல்றாங்க."

வீடு என் பெயரில், கணக்கு அவள் பெயரில், பணம் அனுப்புவது மூன்றாம் ஆள், ஒரு வீட்டுக்கு ஒப்பந்தமே இல்லை. இதில் எந்தப் பணம் வாடகை என்று போலீசுக்கு எப்படிக் காட்டுவது? அப்புறம் விரலை மார்ச் மாதப் பதிவு ஒன்றில் வைத்தார். கொசுவலை ஆணி. திருப்பி அனுப்பிய ஒரு ரூபாய்.

"இது மேடம் அனுப்பினதா, நீங்க அனுப்பினதா?"

"நான்தான் சார்."

"அவங்க போன்ல இருந்தா? அவங்க எங்க?"

கவரை மேசைமேல் வைத்தேன். "டிசம்பர் எட்டாந்தேதி இறந்துட்டாங்க சார்."

இந்த வாக்கியத்தை நான் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. எல்லோருக்கும் மற்றவர்கள்தான் சொன்னார்கள். நான் சொல்வதற்கு ஆளே மிச்சம் இருக்கவில்லை, பேங்க்கைத் தவிர.

அவர் ஏ.சி.யைக் குறைத்தார். எதற்கென்று தெரியவில்லை. தண்ணீர் வரவழைத்தார். பிறகு திட்டினார். இறந்தவர் கணக்கிலிருந்து பணம் அனுப்புவது தப்பு, ஒரு ரூபாயானாலும் தப்பு.

"எத்தன ரூபா அனுப்பின? பதினொண்ணா?"

"பன்னண்டு சார். பாத்ரூம் பல்புக்கு ரெண்டு தடவ."

அவருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

அப்புறம்தான் நான் அறியாத விஷயத்தைச் சொன்னார். கணக்கு கல்யாணத்துக்கு முன்பு திறந்தது. நாமினி ஞானாம்பாள். நான் ஜனவரியிலேயே வந்து சொல்லியிருந்தால் பணம் அத்தை கைக்கு அப்போதே போயிருக்கும், கணக்கை மூடியிருப்பார்கள், ஜூன் மாதம் சதீஷின் பணம் விழ இடமே இருந்திருக்காது.

அவளைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் அம்மா முட்டியைப் பிடித்து வைத்திருந்தேன்.

ஜூன் 24

அத்தையைக் காரில் அழைத்து வந்தேன். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கீழ்ப்புத்துப்பட்டு திருப்பம்… இல்லை, அதெல்லாம் எதற்கு. சொன்னேன், அவ்வளவுதான். அவர் ஜன்னல் வழியே உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் மாப்ள, எம்பொண்ணு போனது எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். பேங்க்குக்கு மட்டும் ஏன் மறைச்சீங்க? அவங்க துக்கம் கேக்க வந்துடுவாங்கன்னா?"

வண்டியை ஓட்டினேன். அவரே மறுபடி, "மாசாமாசம் அவ பேரு வரும்னு வச்சிருந்தீங்களாக்கும்" என்றார். அத்தோடு விட்டுவிட்டார். பேங்க்கில் படிவத்தில் மூன்று இடத்தில் கையெழுத்து போட்டார். மூன்றும் மூன்று மாதிரி இருந்தன. சிவஞானம் சார் வேறு தாள் கொடுத்தார்.

ஜூன் 27

சதீஷும் நானும் சைபர் கிரைம் போலீஸ் ஆபீஸ் போனோம். டெலிகிராம் பேச்சு மொத்தத்தையும் எழுதிக் கொடுத்தான். கமிஷனாக வந்தது 1,800 ரூபாய், அதில் வாங்கிய ஷூவைக் காட்டினான். ஷூவை எதற்குடா போட்டுக்கொண்டு வந்தாய்? எஸ்.ஐ. அம்மாவே சிரித்துவிட்டார். கேஸ் என்ன ஆகும் என்று தெரியாது. கூப்பிடும்போது வர வேண்டும். வருவான், நான் கூட்டிக்கொண்டு வருவேன்.

பேங்க்கிலிருந்தும் அந்த ஊர் போலீசுக்குக் கடிதம் போயிருக்கிறது. கூடவே வீட்டு வரி ரசீது, இரண்டு ஒப்பந்தம், ரேணுகாவின் சான்றிதழ், பழைய ஃபேன் பேரிங்கின் போட்டோ. கடைசியாகச் சொன்னது என் யோசனை.

ஜூலை 1

இந்த மாத வாடகையை யாரும் அனுப்ப இடமில்லை. சிவஞானம் சார் சொன்னபடி என் பெயரில் மூன்று வீட்டுக்கும் புது ஒப்பந்தம் எழுதினோம். வாடகை என் கணக்குக்கு, அவரவர் கணக்கிலிருந்து, உள்ளே மாதத்தின் பெயர் மட்டும். சதீஷ் தன் கணக்கு திறக்கும் வரை காசைக் கையில் தருவான். ஒரு ரூபாய் கூடவே கூடாது.

மண்ணாங்கட்டி அண்ணனுக்குக் கணக்கு உண்டு, போன்தான் இல்லை. காசைக் கையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "அப்ப கொறைய எப்படி தம்பி சொல்றது?" என்று கேட்டார்.

வாயால் சொல்லுங்கண்ணே என்றேன். உடனே ஆறு சொன்னார்.

ஜூலை 5

ஒன்றுமில்லை. பத்தாம் தேதிக்கு ஐந்து நாள்.

ஜூலை 8

மதியம் சிவஞானம் சார் பேசினார். அந்த ஊர் போலீஸ் 4,500ஐ மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள். பணம் அத்தையின் கணக்குக்குப் போய்விட்டது. ரேணுகாவின் கணக்கில் இனி அந்த ஒரு வாடகை மட்டும்தான், கேஸ் முடியும் வரை.

அவள் போனை எடுத்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. வராது. அழுதேன். எடைமேடை ஆபீஸில், பில் புக்கின் மேலேயே. பிறகு முகம் கழுவிவிட்டு, அத்தை கொடுத்து வைத்திருந்த செக்கோடு பாண்டிக்குப் போய்ப் பணத்தைக் கட்டினேன்.

ஜூலை 15

நேற்று ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, பழைய முட்டியை என்ன செய்தார்கள் என்பது. இன்றைக்கே வாக்கர் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள். நர்ஸ்மீது பயங்கரக் கோபம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அத்தை ஒரு மாதம் இங்கேதான். பெருமுக்கல்லில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, இங்கே மூன்று வீடு இருக்கிறது. ரேணுகாவின் நம்பரை வெள்ளிக்கிழமை சிம் கடையில் ஒப்படைத்தேன். கடைக்காரப் பெண், ஏன் சார் நல்ல நம்பராச்சே என்றாள். மனைவி நம்பர், இறந்துட்டாங்க என்றேன். இப்போது எளிதாக வருகிறது. எளிதாக வருவது சரியா? தெரியவில்லை.

தினமும் காலையிலும் சாயங்காலமும் அத்தை கேட்டிலிருந்து கடைசி வீடு வரை நடக்க வேண்டும். நேற்று வாக்கரோடு திரும்பும்போது மண்ணாங்கட்டி அண்ணன் வாசலில் உட்கார்ந்து, "ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு, லெஃப்ட்ல வா" என்று லாரிக்குச் சொல்வதுபோல் சொன்னார். "ஒன் முட்டி தேயட்டும், அப்ப பேசறேன்" என்றார் அத்தை. சரண்யா பேக்கரியிலிருந்து கொண்டுவந்த ரொட்டி கல்லுபோல இருக்கிறது என்று திட்டிக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டார். சதீஷ் நடைபாதையில் கிடந்த சின்னச் சின்னக் கல்லையெல்லாம் பொறுக்கிவிட்டிருக்கிறான். யாரும் சொல்லவில்லை.

இன்றைக்கு வாக்கர் இல்லாமல் நடந்து பார்க்கப் போகிறாராம். டாக்டர் சரி என்றுதான் சொன்னார். நான் பக்கத்திலேயே வர வேண்டும், ஆனால் பிடிக்கக் கூடாது, விழுந்தால் மட்டும் பிடிக்க வேண்டும். இது அவர் போட்ட சட்டம்.

மணி ஐந்து. செருப்புச் சத்தம் கேட்கிறது, கிளம்பிவிட்டார். இரண்டு கையும் வேண்டும். கையிலிருந்த ரேணுகாவின் போனை அணைத்து வைத்துவிட்டேன்.